பதில் சொல்ல ஒரு ஆள்

"என் தம்பி இரண்டு வருடமாக உணவு டெலிவரி ஆப் ஒன்றில் ஓடுகிறான். சங்கத்தில் சேரச் சொல்லி ஒருவர் அடிக்கடி வந்து அவனிடம் பேசுகிறார். கம்பெனியோ, நீங்கள் ஊழியரே இல்லை, பார்ட்னர் என்கிறது. ஊழியரே இல்லாதவனுக்குச் சங்கம் எதற்கு? சேர்ந்தால் ஐடியை பிளாக் செய்துவிடுவார்களோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். இந்தச் சங்கக்காரர்கள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் தம்பியிடம் வந்து பேசுகிறாரே, அவர் செய்யும் வேலையைத்தான் நானும் ஏழு வருடமாகச் செய்கிறேன். அதற்கு முன்னால் நாலு வருடம் ஆப்பில் டாக்சி ஓட்டினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நேர் பதில். சேரலாம். சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தந்தது. கம்பெனி தன் ஒப்பந்தத்தில் உங்களுக்கு என்ன பெயர் வைத்தாலும் அது போய்விடாது. பல மாநிலங்களில் கிக் தொழிலாளர், அதாவது ஆப் வழியாக இப்படி வேலை செய்பவர்களின் சங்கங்கள் முறையாகப் பதிவாகி இயங்குகின்றன. ஐடி பிளாக் பற்றிய பயம் மட்டும் நியாயமானது. அதை மறைத்துப் பேசுகிற சங்கக்காரரை நம்பாதீர்கள். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

என்ன செய்கிறோம் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு பையன் போன் செய்தான். இருபத்து மூன்று வயது. "அண்ணே, ஐடி போச்சு" என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மறுநாள் காலையில் நேரில் வந்தான். திரையில் ஒரே வரி: விதிமீறல் காரணமாக உங்கள் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது. எந்த விதி, எந்த ஆர்டர், எந்தத் தேதி, ஒன்றும் கிடையாது. உதவிப் பக்கத்தில் டிக்கெட் போட்டிருக்கிறான். நாலு நிமிடத்தில் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று பதில் வந்து டிக்கெட் மூடியிருக்கிறது. ஐந்தாம் தேதி பைக் கடன் தவணை.

நான் முதலில் கேட்டது, "ஆப் இன்னும் திறக்கிறதா?" என்றுதான். பிளாக் ஆன பிறகு சில நாளில் பழைய ஆர்டர் விவரங்களும் பார்க்கக் கிடைக்காமல் போய்விடும். இது அனுபவத்தில் கற்றது. பத்து நாள் ஆர்டர்களை ஒவ்வொன்றாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்தோம். அப்புறம் போனின் அழைப்புப் பட்டியல். நாலாவது நாள் ஆர்டர் ஒன்றில் விஷயம் பிடிபட்டது. வாடிக்கையாளர் மேப்பில் குத்திய இடத்துக்கும் எழுதிய முகவரிக்கும் அறுநூறு மீட்டர் தூரம். பையன் மூன்று முறை போன் செய்திருக்கிறான், ஒரு அழைப்பு நாற்பது விநாடி ஓடியிருக்கிறது. முகவரியில் இருந்தவரிடம் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஆர்டர் போட்டவர் வரவில்லை என்று புகார் செய்துவிட்டார்.

இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி, ஸ்க்ரீன்ஷாட்டை இணைத்து எடுத்துக்கொண்டு போனோம். எங்கே போவது? அந்தக் கம்பெனிக்கு ஊரில் அலுவலகம் என்று இருந்தது புதிய ஆட்களைச் சேர்க்கும் ஹப் ஒன்றுதான். வாசலில் செக்யூரிட்டி. உள்ளே டீம் லீடர், அவருக்கும் வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. கடிதத்தைப் படித்தார். பாவப்பட்டார் என்றுகூடச் சொல்வேன். "அண்ணா, இது என் கையில் இல்லை. சிஸ்டம் எடுத்த முடிவு" என்றார். கடிதத்தை வாங்கியதற்கு ஒரு கையெழுத்து கேட்டோம். அதற்கும் அவருக்கு அதிகாரமில்லை. தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல், தொழிலாளர் துறை அதிகாரிக்கு மனு, அதே ஹப்புக்கு இருபது பேரோடு மறுபடி ஒரு பயணம். பதினோராவது நாள் ஐடி திறந்துவிட்டது. ஏன் மூடியது, ஏன் திறந்தது, எதற்கும் விளக்கம் வரவில்லை. பதினோரு நாள் வருமானம் போனது போனதுதான்.

எங்கள் வேலையில் பாதிக்கு மேல் இதுதான். கொடி, கோஷம், ஊர்வலம் எல்லாம் வருடத்தில் சில நாட்கள். மற்ற நாட்களில் யாரோ ஒருவருடைய போனை வாங்கி வைத்துக்கொண்டு, அவருக்கு நடந்தது என்ன என்று கண்டுபிடித்து, அதைக் காகிதத்தில் எழுதி, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆளைத் தேடி அலைகிறோம். தம்பிகள் எங்களிடம் முதலில் கேட்பது ரேட்டை ஏற்றித் தரச் சொல்லி என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ரேட் முக்கியம்தான். ஆனால் நான் சந்தித்த ஆட்களில் பெரும்பாலோர் முதலில் கேட்டது, "யாரிடமாவது நான் பேச முடியுமா?" என்பது. ஆலையில் மேஸ்திரி திட்டினால் மேஸ்திரியின் முகம் தெரியும். இங்கே தண்டனை வருகிறது, கொடுத்தவர் முகம் இல்லை.

இந்த "சிஸ்டம்" என்ற பதிலை நீதிமன்றத்தில் உடைத்துக் காட்டிய வழக்கு ஒன்று உண்டு. பிரிட்டனையும் போர்ச்சுகலையும் சேர்ந்த ஓட்டுநர்கள் சிலர், தானியங்கி முறையில் தங்கள் கணக்கு முடக்கப்பட்டதை எதிர்த்தும், தங்களைப் பற்றிய தகவலைக் கேட்டும் நெதர்லாந்தில் வழக்குப் போட்டார்கள். ஊபர், ஓலா இரண்டின் மீதும். 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் பெரும்பாலும் தீர்ப்புச் சொன்னது. மனிதர்கள் பார்த்துத்தான் முடக்குகிறோம் என்ற ஊபரின் வாதத்தை எடுத்துக்கொண்டு, சில ஓட்டுநர்கள் விஷயத்தில் அந்த மனிதத் தலையீடு வெறும் அடையாளத்துக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை என்றது. வழக்கு நடந்தது தொழிலாளர் சட்டத்தில் அல்ல, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் என்பதைக் கவனியுங்கள். என்னைப் பற்றி நீ வைத்திருக்கும் தகவலைக் காட்டு, அதை வைத்து என்னை எப்படி மதிப்பிட்டாய் என்று சொல் என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய தளவழி வேலை (ஆப் போன்ற தளங்கள் வழியாகச் செய்யும் வேலை) குறித்த சட்ட ஆணையும் இதே இடத்தில்தான் கை வைக்கிறது. கணக்கை முடக்கும் முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும், காரணம் எழுத்தில் தர வேண்டும். உறுப்பு நாடுகள் இதைத் தங்கள் சட்டமாக்க 2026 டிசம்பர் 2 வரை அவகாசம்.

நம் பக்கத்தில் கர்நாடகம் 2025-இல் கொண்டுவந்த சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். பேஅவுட்டில், அதாவது தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையில், 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்குக் கட்டணம் என்பதைத்தான் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. அதே சட்டம், காரணத்தை எழுத்தில் சொல்லாமலும் 14 நாள் முன்னறிவிப்பு தராமலும் ஒருவரை நீக்கக் கூடாது என்கிறது. வேலையை ஒதுக்குவதும் ரேட்டிங் போடுவதும் எதை வைத்து என்று தொழிலாளி கேட்டால் சொல்ல வேண்டும் என்கிறது. அவர் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மனிதத் தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது. நாங்கள் ஹப் வாசலில் நின்று கேட்டது இதைத்தானே. சட்டம் ஒழுங்காக அமலாகிறதா என்பதைத் தினம் தினம் பார்த்துக்கொள்ள வேண்டியதும் சங்கத்தின் வேலைதான்.

சரி, "பார்ட்னர்" விவகாரத்துக்கு வருவோம்.

தம்பியிடம் ஐந்து கேள்வி கேட்டுப் பாருங்கள். ஆர்டருக்கு எவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஒப்பந்தத்தில் ஒரு வரியை மாற்றச் சொன்னால் மாற்றுவார்களா? ஆர்டரை வேண்டாம் என்று தள்ளினால் அதற்குத் தண்டனை உண்டா? ரேட்டிங் குறைந்தால் என்ன ஆகும்? வாடிக்கையாளர் எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த முறை நேரடியாக வேலை பேசிக்கொள்ள முடியுமா? கூட்டாளி என்றால் இந்த ஐந்தில் குறைந்தது இரண்டு விஷயமாவது அவன் கையில் இருக்க வேண்டும். ஒன்றுகூட இருக்காது.

இந்தக் கேள்விகள் நானாகப் போட்டவை அல்ல. 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் சொன்ன காரணங்களைத்தான் கேள்வியாக மாற்றிச் சொன்னேன். ஜேம்ஸ் ஃபாரர், யாசீன் அஸ்லம் என்ற இரண்டு ஓட்டுநர்கள் முன்னின்று நடத்திய வழக்கு அது. 2016-இல் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் ஜெயித்தார்கள். கம்பெனி ஒவ்வொரு படியாக மேல்முறையீடு செய்து, கடைசிப் படியிலும் தோற்றது. ஓட்டுநர் ஆப்பைத் திறந்து, தன் பகுதியில் சவாரி எடுக்கத் தயாராக இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம் என்று நீதிமன்றம் சொன்னது. சவாரி இல்லாமல் காத்திருக்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மத்தியானம் மூன்று மணிக்கு ஆர்டர் வராமல் மர நிழலில் உட்கார்ந்திருக்கும் தம்பியைக் கேளுங்கள், அவன் சொல்வான்.

ஆனால் ஒரு பக்கக் கதையை மட்டும் சொல்லக் கூடாது. அதே பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் டெலிவரூ என்ற உணவு டெலிவரி கம்பெனியின் ரைடர்கள் வழக்கில் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தப்படி ரைடர் தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம், எனவே சங்கமாகச் சேர்ந்து கம்பெனியோடு பேரம் பேசும் உரிமைக்குத் தேவையான வேலை உறவு இங்கே இல்லை என்றார்கள். ஒரே ஒரு விதி போதுமானதாக இருந்தது. ஒப்பந்தத்தை வாசிக்காமல் "ஏற்கிறேன்" என்று அழுத்தாதே என்று தம்பிகளிடம் நாங்கள் தொண்டை வற்றச் சொல்வது இதனால்தான். அழுத்தாவிட்டால் வேலையில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அழுத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள், அதுவே போதும்.

கலிபோர்னியாவில் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 2019-இல் இவர்களை ஊழியராகக் கருதும்படி சட்டம் வந்தது. கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் தங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டன. 2024-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2025 அக்டோபரில் வேறொரு சட்டம் வந்தது. டாக்சி ஆப் ஓட்டுநர்கள் ஒப்பந்தக்காரராகவே இருக்கட்டும், ஆனாலும் சங்கம் வைத்துக் கூட்டாகப் பேரம் பேசலாம் என்றது. ஊழியரே இல்லாதவனுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா? ஊழியர் என்ற பெயர் கிடைக்காதவருக்குத்தான் அது இன்னும் அதிகமாகத் தேவை. ஊழியருக்குச் சட்டம் கொஞ்சமாவது துணை நிற்கிறது.

இந்தியாவில் நம் நிலைமை என்ன? சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-இல்தான் நடைமுறைக்கு வந்தது. கிக் தொழிலாளர், தளவழித் தொழிலாளர் என்ற பெயர்கள் மத்தியச் சட்டத்தில் முதன்முதலாக அதில்தான் இடம்பெற்றன. கம்பெனிகள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் அது போகக் கூடாது என்று வரம்பும் உண்டு. விபத்துக் காப்பீடு, மருத்துவம், மகப்பேறு, முதுமைக்காலப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு இந்த நிதியிலிருந்து திட்டங்கள் போடலாம். நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கைப்படி 2020-21-இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்தார்கள், 2029-30-இல் இது 2.35 கோடி ஆகும் என்பது அவர்கள் கணிப்பு. இத்தனை பேருக்குச் சட்டத்தில் ஒரு பெயராவது கிடைத்தது நல்லது.

ஆனால் அந்தப் பெயருக்குக் கொடுத்த விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்று இருக்கிறது. கம்பெனி சொல்லிக்கொண்டிருந்ததைச் சட்டமே எழுதிக் கொடுத்ததுபோல ஆகிவிட்டது. காப்பீடு உண்டு. ஆனால் குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, காரணமில்லாமல் நீக்கினால் கேட்கும் உரிமை இதெல்லாம் அந்த விளக்கத்தோடு வரவில்லை. அடிபட்ட பிறகு உதவி கிடைக்கும், அடிபடும்படி ஓட வைக்கும் ரேட்டைக் கேட்க வழியில்லை. ஐஃபாட் என்ற ஆப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு 2021-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும், பெயரை வைத்துச் சமூகப் பாதுகாப்பை மறுக்காதே, இவர்கள் செய்யும் வேலையைப் பார் என்ற வாதத்தோடுதான்.

மாநிலங்களில் முதலில் தனிச் சட்டம் போட்டது ராஜஸ்தான், 2023 ஜூலையில். அதற்குப் பின்னால் ஐஃபாட்டும், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அந்த மாநிலத்து மக்கள் அமைப்பும் மாதக்கணக்கில் செய்த வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இணையவழிச் சேவைத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைந்தது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். சங்கத்தில் சிலர், வாரியம் என்பது வாயடைக்கக் கொடுக்கும் மிட்டாய் என்று பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கால் உடைந்து கிடப்பவன் வீட்டுக்கு வாரியத்தின் பணம் போய்ச் சேர்ந்தால் அது அரிசி, மருந்து. உங்கள் தம்பி வாரியத்தில் பதிந்திருக்கிறானா, மத்திய அரசு அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதியும் இ-ஷ்ரம் தளத்தில் பதிந்திருக்கிறானா என்று இன்றைக்கே கேளுங்கள். சங்கத்தில் சேராவிட்டாலும் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

ரேட்டைப் பற்றி. கம்பெனி விளம்பரத்தில் மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று ஒரு தொகை போடுவார்கள். நாங்கள் ஒவ்வொரு புதிய உறுப்பினரிடமும் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் எழுதச் சொல்வோம். லாகின் செய்த நேரம், வெளியே வந்த நேரம், கிளம்பும்போதும் வீடு சேரும்போதும் பைக்கின் கிலோமீட்டர், பெட்ரோல், பேஅவுட். ஒருவர் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: 11 மணி நேரம், 128 கிலோமீட்டர், 22 ஆர்டர், 770 ரூபாய். இன்சென்டிவ் வாங்க 23 ஆர்டர் வேண்டும். கடைசி ஒரு மணி நேரம் அவருக்கு ஆர்டரே விழவில்லை. பெட்ரோலுக்கு 290. மிச்சம் 480. மணிக்கு 44 ரூபாய்கூடத் தேறவில்லை. டயர், ஆயில், போன் ரீசார்ஜ் இன்னும் கழிக்கவில்லை. ஆப் கணக்கில் இருந்த தூரம் 81 கிலோமீட்டர். மீதி 47 கிலோமீட்டர் ஓட்டலுக்குப் போனதும் டெலிவரி முடித்துத் திரும்பி வந்ததும்.

நோட்டை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னார், "இரண்டு வருடமாக நான் இப்படிக் கூட்டிப் பார்த்ததே இல்லை." அவர் ஏழாவது வரைதான் படித்தவர். கணக்குத் தெரியாததால் கூட்டாமல் இல்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் காசு விழுந்த சத்தம் கேட்கும்போது வருகிற பணம் மட்டும்தான் கண்ணில் படும், போகிற பணம் படாது. முப்பது பேர் நோட்டை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான், தனக்கு மட்டும் ராசியில்லை என்று நினைத்தவர்கள் எல்லோருக்கும் கடைசி ஆர்டர் நின்றுபோகிறது என்று கண்டுகொள்கிறார்கள். அன்றைக்குத்தான் எங்கள் பகுதியில் சங்கம் பிறந்தது என்பேன். பதிவுச் சான்றிதழ் வந்தது ஒன்பது மாதம் கழித்து.

அப்புறம் வேலைநிறுத்தம். இதைப் பற்றி உங்களுக்கும் சந்தேகம் இருக்கும்: எல்லோரும் ஆப்பை மூடினால் கம்பெனி வழிக்கு வந்துவிடாதா? சொல்வது எளிது. ஆயிரம் பேர் லாகின் செய்யாவிட்டால், ஆள் குறைவு என்று பார்த்து ஆப் தானாகவே ரேட்டை ஏற்றும். அன்றைக்கு இன்சென்டிவ் மெசேஜ் வந்து கொட்டும். வேலைநிறுத்தம் எவ்வளவு பலமோ, அதை உடைத்து ஓடுபவனுக்கு அவ்வளவு லாபம். ஆலையில் வேலைநிறுத்தம் என்றால் வாசலில் நிற்கலாம், உள்ளே போகிறவனைக் கையைப் பிடித்துப் பேசலாம். இங்கே வாசல் அவரவர் சட்டைப்பையில் இருக்கிறது. யார் திறந்தான் என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது.

மளிகையை நிமிடக் கணக்கில் கொண்டுவரும் வியாபாரம் வந்த பிறகு இது மாறியது. அதற்கு டார்க் ஸ்டோர் வேண்டும், அதாவது வாடிக்கையாளர் உள்ளே வராத, டெலிவரிக்கு மட்டுமான கிடங்குக் கடை. ரைடர்கள் எல்லோரும் ஒரே ஷட்டர் முன்னால் வந்து நின்றுதான் பையை எடுக்க வேண்டும். வாசல் திரும்ப வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் டெல்லி வட்டாரத்தில் பிளிங்கிட் ரைடர்கள் செய்த வேலைநிறுத்தம் இப்படி ஸ்டோர் வாசல்களில்தான் நடந்தது. ஆர்டருக்குக் குறைந்தபட்சம் 25 ரூபாய் இருந்ததை 15 ரூபாய் ஆக்கிவிட்டார்கள் என்பது பிரச்சினை. நாள்கணக்கில் ஸ்டோர்கள் மூடிக் கிடந்தன. 2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் சங்கங்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் அறிவித்தபோது, 10 நிமிட டெலிவரியை நிறுத்து என்பது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. அடுத்த மாதமே மத்தியத் தொழிலாளர் அமைச்சர் கம்பெனிகளிடம் பேச, பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து அந்த 10 நிமிட வாக்கை எடுத்தது. ரேட்டில் ஒரு ரூபாய் ஏறவில்லையே என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. எதிர்த்திசையில் வண்டியைத் திருப்பி ஓட்டும் பையன்களின் கையில் எத்தனை பேருக்குத் தையல் போட்ட தழும்பு இருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். சங்கம் வைத்தவர்களைச் சும்மா விட்ட காலம் என்று ஒன்று இருந்ததில்லை. 1918 ஏப்ரலில் சென்னையில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா தலைவர், திரு.வி.க. கூட நின்றார். 1920-இல் அந்த ஆலைகளை நடத்திய பின்னி கம்பெனி அந்தச் சங்கத் தலைவர்கள் மீது நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. உயர் நீதிமன்றம் தடை உத்தரவும் கொடுத்தது. சங்கம் நடத்துவதே சட்டப்படி ஆபத்து என்று அந்த வழக்கு காட்டியதால்தான், தொழிற்சங்கத்துக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 7 பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி அதிலிருந்து வருவது. நூறு வருடம் கழித்து, 2021 டிசம்பரில், குருகிராமில், வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சேவை செய்யும் ஆப்பான அர்பன் கம்பெனியின் அலுவலக வாசலில் அழகுக்கலைப் பெண்கள் கடுங்குளிரில் உட்கார்ந்தபோது, அந்தக் கம்பெனியும் அவர்கள் மீது வழக்குத்தான் போட்டது. பெய்ஜிங்கில் டெலிவரி ரைடர்களை வீசாட் குழுக்களில் திரட்டி உதவிவந்த சென் குவோஜியாங் 2021 பிப்ரவரியில் கைதாகி, ஏறத்தாழ ஒரு வருடம் உள்ளே இருந்தார்.

எனவே, சேர்ந்தால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லப் போவதில்லை. ஆபத்தைக் குறைக்கும் வழிகள் உண்டு, அவற்றை அனுபவத்தில் கற்றிருக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் கம்பெனி ஆட்களும் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டே பேச வேண்டும். குழுவுக்கு ஒரே ஆள் அட்மினாக இருக்கக் கூடாது. ஆப்பில் பதிந்த எண்ணிலிருந்து ஆவேசமாக எதையும் எழுத வேண்டாம். கோரிக்கை மனுவில் பெயர்களை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதுவோம். முதல் கையெழுத்து யாருடையது என்று தெரியாது. நூறு பேர் போட்ட வட்டத்திலிருந்து ஒருவரைப் பிடுங்கி எடுப்பது, தனியாகப் போய்ச் சண்டை போட்டவரை எடுப்பதுபோல் எளிதல்ல. கம்பெனியோடு பேசப் போகும்போது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ரைடரை முன்னால் நிறுத்த மாட்டோம். என்னைப் போல ஓடி முடித்தவர்கள் பேசுவோம். எனக்கு இனி பிளாக் ஆக ஐடி கிடையாது.

பெண்கள் இந்த வேலைக்கு வருவது கூடிக்கொண்டே போகிறது, அவர்களின் பிரச்சினை தனி. கழிப்பறைக்கு எங்கே போவது என்பதில் ஆரம்பிக்கும். நியூயார்க்கில் டெலிவரித் தொழிலாளர்கள் அமைப்பாகச் சேர்ந்து 2021-இல் வாங்கிய சட்டங்களில் ஒன்று, ஆர்டர் எடுக்க வருபவரை ஓட்டல் தன் கழிப்பறையைப் பயன்படுத்த விட வேண்டும் என்பது. அதே ஆட்கள்தான் பிறகு மணிக்குக் குறைந்தபட்ச ஊதியத்தையும் வாங்கினார்கள். நம் ஊர்ச் சங்கக் கூட்டங்கள் ராத்திரி பத்து மணிக்கு நடந்தால் எந்தப் பெண் வருவார்? எங்கள் தவற்றை உணர்ந்து நேரத்தை மாற்றவே எங்களுக்கு மூன்று வருடம் ஆனது. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கடைசியாக, தம்பியிடம் வந்து பேசுகிறவர் நம்பத் தகுந்தவரா என்று எப்படித் தெரியும்? சந்தா வாங்கினால் ரசீது தருகிறாரா, வருடக் கணக்கு எல்லோர் முன்னாலும் வாசிக்கிறார்களா என்று கேளுங்கள். சங்கத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கட்சி சார்ந்ததாக இருக்கலாம், அது தவறில்லை, ஆனால் அதை மறைக்கிறாரா என்று பாருங்கள். நாளைக்கு லாகின் செய்யாதே என்று கட்டளை போடுகிறவராக இருந்தால், அந்த முடிவை எந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ரைடர்களைக் கேட்காமல் மேலிருந்து உத்தரவு போடுவதைத்தானே கம்பெனியிடம் எதிர்க்கிறோம்.

அடுத்த முறை அவர் வரும்போது தம்பி தன் போனில் போன வாரப் பேஅவுட் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுக்கட்டும். உண்மையாக இந்த வேலையைச் செய்கிறவர் என்றால் பேச்சை நிறுத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்த ஆர்டருக்கு எவ்வளவு, எதில் தூரம் குறைந்திருக்கிறது, எங்கே பிடித்தம் போயிருக்கிறது என்று வரி வரியாகக் கேட்க ஆரம்பிப்பார். அதைச் செய்தால் அவர் பக்கத்தில் தம்பி உட்காரலாம். ஆப் ஒப்பந்தத்தின் நகல் ஒன்றையும் அவனை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விபத்துக் காப்பீட்டில் வாரிசு பெயர் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நான் பார்த்த பலர் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறார்கள்.